கோடும் வண்ணமும் வெற்றிடமும்: புதைபடிவ அகழ்வைக் குழந்தைகட்கு அறிமுகப்படுத்தும் வண்ணந்தீட்டும் ஏடுகள் பற்றிய ஒரு திறனாய்வு

1. ஏடும் அதன் தகுதியும்

குழந்தை இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் பாடலையும் கதையையும் விரித்துரைப்பர். படத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறி அமைவர். வண்ணந்தீட்டும் ஏட்டைப் பற்றியோ ஒன்றும் கூறார். அழுகின்ற பிள்ளையை அமர்த்தி வைப்பதற்கும் ஆசிரியர் சற்று ஓய்வு கொள்வதற்கும் உதவும் கருவி என்பதே அதனைப் பற்றிய பொதுக் கருத்து. ஆயினும், எழுத்தறியாப் பருவத்துப் பிள்ளை தானே கையிலெடுத்து, முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை உழைத்து முடிக்கின்ற முதல் நூல் பெரும்பாலும் அதுவே. பிள்ளை ஒரு கதையை ஐந்து நிமிடங்களிற் கேட்டு முடிக்கும். ஒரு படத்திற்கு வண்ணந்தீட்ட அரை மணி நேரம் குனிந்திருக்கும். அவ்வளவு நேரம் கண்ணும் கையும் ஒருங்கே பதிந்திருந்த செய்தி எளிதில் மனத்தை விட்டு அகலாது. ஆதலின் அவ்வேடு உரைப்பது மெய்யா பொய்யா என்று வினவுதல் திறனாய்வின் கடமையே ஆகும்.

இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற பொருள் டைனோசர் ஏடு. பாலர் பள்ளிப் பிள்ளைகள் நாவில் தடையின்றி வரும் நெடும்பெயர்கள் பல இவ்விலங்குகளுடையவை. அவ்விலங்குகளை மனிதர் எவரும் கண்டதில்லை. அவற்றைப் பற்றி அறிந்தவை அனைத்தும் பாறையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட எலும்பு, பல், அடிச்சுவடு, முட்டை முதலிய புதைபடிவங்களால் அறிந்தவையே. எனவே டைனோசரைப் பற்றிய எந்த ஏடும் இரண்டு கடன்களை உடையது: விலங்கைக் காட்டுதல் ஒன்று, அவ்விலங்கு எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் காட்டுதல் மற்றொன்று. கடைகளிற் கிடைக்கும் ஏடுகள் பெரும்பாலும் முதற்கடனைத் தீர்த்து இரண்டாவதை மறந்துவிடுகின்றன. அகழ்வைக் காட்டப் புகுந்த ஏடுகளிலும் பல, தொப்பியணிந்த ஒருவர் மண்வெட்டியால் ஒருமுறை வெட்டியவுடன் முழு எலும்புக்கூடு வெள்ளை வெளேரெனச் சிரித்துக்கொண்டு வெளிப்படுவதாக வரைந்து அமைகின்றன.

வண்ணந்தீட்டும் தாளில் உள்ளவை மூன்று: அச்சிட்ட கோடு, பிள்ளை இடும் வண்ணம், எவரும் தீண்டாது விடும் வெற்றிடம். இம்மூன்றும் அகழ்வுத் துறையில் எவற்றைக் குறித்தல் வேண்டும் என்று ஆராயின், இவ்வகை ஏடுகளை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் கிடைத்துவிடும்.

2. கோடு

அச்சிட்ட கோடு பிள்ளைக்குச் சட்டம். 'கோட்டைத் தாண்டாதே' என்பதே வண்ணந்தீட்டும் வகுப்பில் ஆசிரியர் கூறும் முதல் அறிவுரை. ஆனால் டைனோசரின் உருவக்கோடு என்றும் சட்டமாய் நின்றதில்லை. இதற்கு இகுவானோடான் என்னும் விலங்கின் வரலாறே சான்று.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் கிடியன் மாண்டெல், அங்குக் கிடைத்த பற்கள் சிலவற்றை ஆராய்ந்து, அவை இகுவானா என்னும் பல்லியினத்தின் பற்களை ஒத்திருத்தல் கண்டு, 1825இல் அவ்விலங்குக்கு 'இகுவானாவின் பல்' என்னும் பொருள்பட இகுவானோடான் எனப் பெயரிட்டார். உடன் கிடைத்த கூம்பு வடிவ எலும்பொன்றை மூக்கின்மேல் அமைந்த கொம்பு எனக் கருதினார். 1854இல் இலண்டனின் சிடன்ஹாம் பகுதியில் படிக மாளிகைப் பூங்கா திறக்கப்பட்டபோது, டைனோசர் என்னும் இனப்பெயரை 1842இல் வழங்கிய ரிச்சர்டு ஓவனின் அறிவுரையைப் பெற்றுச் சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அமைத்த உருவமும் நான்கு பருத்த கால்களும் மூக்கிற் கொம்பும் கொண்டு நின்றது. 1878இல் பெல்ஜிய நாட்டுப் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், இவ்விலங்கின் எலும்புக்கூடுகள் முப்பதுக்கும் மேற்பட்டவை வெளிப்படலாயின. அவற்றை ஆராய்ந்த லூயி டோலோ, மூக்கிற் கொம்பு எனக் கருதப்பட்டது உண்மையில் கைப்பெருவிரலின் முள் என்று நிறுவினார். அவர் அவ்விலங்கைக் கங்காருவைப் போல் நிமிர்ந்து, வாலை ஊன்றி நிற்பதாக அமைத்தார். பிற்கால அறிஞர் அதனையும் திருத்தி, வால் விறைத்துத் தரைக்கு மேலே நீண்டிருந்தது என்றும், உடல் பெரும்பாலும் கிடைநிலையில் இருந்தது என்றும் கண்டனர்.

ஒரே விலங்கிற்கு மூன்று உருவக்கோடுகள். மூன்றையும் வரைந்தோர் அறிஞரே. மூன்றும் அவரவர் காலத்துச் சான்றின்வழி எழுந்தவையே. நல்ல ஏடு இம்மூன்றையும் அடுத்தடுத்து அச்சிட்டு, 'முள் ஏன் மூக்கிலிருந்து கைக்கு வந்தது?' என்று ஒரு வினா எழுப்பும். ஆறு அகவைப் பிள்ளையும் முள்ளிற்கு மூன்று படங்களிலும் ஒரே வண்ணந்தீட்டி, அஃது இடம்பெயர்ந்ததைத் தானே கண்டுகொள்ளும். அறிவு என்பது திருத்தம் பெறும் இயல்பினது என்னும் பெரும் பாடம், சொற்பொழிவு இன்றியே கைவழி மனத்தை அடையும்.

இதற்கு மாறாக, பல ஏடுகளின் கோடு சான்றையே பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஸ்டெகோசாரசும், ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் ஆண்டுகட்கும் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கும் இடையே வாழ்ந்த டைரனோசாரசும் ஒரே காட்டில் போரிடுகின்றன. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம், டைரனோசாரசுக்கும் இன்றைய பிள்ளைக்கும் இடைப்பட்ட காலத்தினும் நீண்டது. பறக்கும் டெரோசாரும் முதுகிற் பாய்மரம் போன்ற அமைப்புடைய டைமெட்ரோடானும் டைனோசர் இனத்தைச் சேராதவை. அவையும் அப்பெயரையே பெறுகின்றன. அகழ்வுக் காட்சியில் பானை ஓடும் பழங்காசும் டைனோசர் எலும்பும் ஒரே குழியில் கிடக்கின்றன. இவை சிறு பிழைகள் என்று தள்ளத்தக்கவை அல்ல. காலத்தின் ஆழத்தைப் பிள்ளை உணர்வதற்கு வாய்த்த முதல் வாய்ப்பை இவை அழித்துவிடுகின்றன.

3. வண்ணம்

இனி, வண்ணத்தை நோக்குவோம். இவ்வேடுகளின் பெருவியப்பு இங்கே ஒளிந்துள்ளது. எலும்பு பல செய்திகளைக் கூறும்: உயரம், நடை, உணவு, வளர்ச்சி, நோய் முதலியவற்றைக் கூறும். தோலின் நிறத்தை அது கூறாது. ஆகவே பிள்ளையின் கையில் வண்ணக்கோலைக் கொடுத்து டைனோசருக்கு வண்ணந்தீட்டச் சொல்பவர், அறிஞர் நெடுங்காலம் விடை காணாதிருந்த வினாவையே அப்பிள்ளையிடம் ஒப்படைக்கின்றார். தாம் செய்வது இன்னதென்று அவர் அறிவதில்லை என்பதே குறை.

ஊதா நிறத்தில் டைனோசரைத் தீட்டிய பிள்ளையிடம், 'பச்சை அல்லவா தீட்ட வேண்டும்?' என்று திருத்துகின்ற ஆசிரியர் உண்டு. பச்சைக்கு அவரிடம் உள்ள சான்று, முன்பு பார்த்த படங்களே. பிள்ளையின் ஊதாவிற்குச் சான்று இல்லை. ஆசிரியரின் பச்சைக்கும் இல்லை. ஒரு கற்பனையை மற்றொரு கற்பனையால் திருத்துதல் கல்வி ஆகாது.

2010ஆம் ஆண்டில் இந்நிலை ஓரளவு மாறியது. சீனாவின் லியாவ்னிங் மாநிலத்துப் பாறைகளில், இறகுகளும் இழைகளும் பதிந்த நிலையில் சில சிறு டைனோசர்கள் கிடைத்திருந்தன. அவ்விறகுகளில், நிறமியைத் தாங்கும் மெலனோசோம் என்னும் நுண்ணுறுப்புகள் எஞ்சியுள்ளமையை அறிஞர் மின்னணு நுண்ணோக்கியாற் கண்டனர். நிறத்திற்கேற்ப அவற்றின் வடிவமும் வேறுபடும். நீண்டவை கருமை சார்ந்த நிறங்களையும் உருண்டவை செம்பழுப்பு நிறங்களையும் குறிக்கும். இதனை இன்றைய பறவைகளின் இறகுகளோடு ஒப்பிட்டு, சைனோசாரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் வால் செம்பழுப்பும் வெண்மையும் மாறி மாறி வரும் பட்டைகளை உடையது என்று அறிவித்தனர். ஆங்கியார்னிஸ் என்னும் மற்றொன்றின் உடலில் கருமையும் வெண்மையும், தலைக்கொண்டையில் செந்நிறமும் இருந்தமை அதே ஆண்டில் வெளிவந்தது.

இச்செய்தி வண்ணந்தீட்டும் ஏட்டின் அமைப்பையே மாற்ற வல்லது. ஒரு பக்கத்தில் சைனோசாரோப்டெரிக்சின் படத்தை அச்சிட்டு, 'இதன் வால்நிறத்தைப் பாறை கூறுகிறது. அவ்வாறே தீட்டுக' என்று கூறலாம். எதிர்ப்பக்கத்தில் டிப்ளோடோகசை அச்சிட்டு, 'இதன் நிறம் தெரியாது. உன் விருப்பம்போல் தீட்டி, ஏன் அந்நிறம் என்று கூறுக' எனலாம். காட்டில் மறைந்து வாழப் பச்சை என்னும் பிள்ளையும், துணையை ஈர்க்கச் சிவப்பு என்னும் பிள்ளையும் கருதுகோள் அமைக்கக் கற்கின்றனர். அறிந்ததை ஏற்றலும் அறியாததைக் கருதிப் பார்த்தலும் வெவ்வேறு செயல்கள் என்பதை இவ்விரு பக்கங்கள் உணர்த்தும்.

எலும்பின் நிறமும் இவ்வாறே நோக்கற்பாலது. ஏடுகளில் எலும்பு என்றும் வெள்ளை. அஃதாவது தீட்டப்படாத இடம். புதைபடிவமோ நிலத்தடி நீரிற் கரைந்து வந்த கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் நிரம்பியும் எலும்புப் பொருளுக்கு மாற்றாய் அமைந்தும் உருவாவது. எனவே அதன் நிறம் அந்நிலத்தின் கனிமத்தைப் பொறுத்தது. ஓரிடத்தில் பழுப்பாகவும் வேறோரிடத்தில் கருமையாகவும் இருக்கும். எலும்பிற்குப் பழுப்பும் கருமையும் தீட்டுமாறு கூறும் ஏடு, 'இஃது எலும்பாய் இருந்து கல்லாய் மாறியது' என்னும் உண்மையைத் தானே கூறிவிடுகின்றது.

பாறை அடுக்குகளுக்கு வண்ணந்தீட்டுதலோ குழந்தை விளையாட்டு மட்டுமன்று. புவியியலாரின் அன்றாடத் தொழிலும் அதுவே. உலகப் பொதுவழக்கான புவியியல் வரைபடங்களில் டிரையாசிக் காலப் பாறை ஊதாவாலும், ஜுராசிக் காலப் பாறை நீலத்தாலும், கிரெட்டேசியஸ் காலப் பாறை பச்சையாலும் குறிக்கப்படும். டைனோசர்களின் நெடுங்காலம் முழுவதையும் மூன்று வண்ணக்கோல்கள் அடக்கிவிடுகின்றன. அடியில் ஊதா, நடுவில் நீலம், மேலே பச்சை என்று தீட்டும் பிள்ளை, 'கீழே கிடப்பது முந்தியது' என்னும் அடுக்கியல் விதியையும் உடன் கற்கின்றது.

4. வெற்றிடம்

மூன்றாவது அளவுகோல் வெற்றிடம். வண்ணந்தீட்டும் வகுப்பில் தாள் முழுவதையும் நிரப்பிய பிள்ளைக்கே நட்சத்திரம் கிடைக்கும். தீட்டாத இடம் சோம்பலின் அடையாளம். தொல்லுயிரியலில் தீட்டாத இடம் நேர்மையின் அடையாளம். அறிஞர் வெளியிடும் எலும்புக்கூட்டு வரைபடங்களிற் பலவற்றில், உண்மையிற் கிடைத்த எலும்புகள் ஒரு நிறத்திலும், கிடைக்காதவை வேறு நிறத்திலோ வெறுங்கோட்டிலோ காட்டப்படும். எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு ஊகிக்கப்பட்டது என்பதைப் படமே அறிவித்துவிடும்.

மலேசியப் பிள்ளைகட்கு இதனை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பகாங் மாநிலத்தில் 2012இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு பல்லை, மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானிய ஆய்வாளர்களோடு இணைந்து ஆராய்ந்து, மலேசியாவில் அறியப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம் என 2014 பிப்ரவரியில் அறிவித்தனர். அப்பல்லின் நீளம் 23 மில்லிமீட்டர். பிள்ளையின் சுண்டுவிரல் நுனியளவே. அது மீனுண்ணும் ஸ்பைனோசார் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், குறைந்தது 7 கோடியே 50 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என்றும் மதிப்பிட்டனர். இடம் அழிவுறாதிருத்தற் பொருட்டு அதனை வெளியிடாது காத்தனர்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது தமிழர் பழமொழி. பல்லைக் கொண்டு குடும்பத்தை அறிதல் அத்தகையதே. ஆயினும் ஒரு சோறு, சோறு வெந்ததைக் கூறுமேயன்றிப் பானையின் வடிவைக் கூறாது. பகாங் விலங்கின் முதுகு எவ்வாறிருந்தது, நீளம் எவ்வளவு என்பவற்றை அப்பல் தனித்து நின்று உரைக்க இயலாது. இதனைத் தாளில் காட்டும் வழி எளிது. பல்லை உண்மையளவில் முழுக்கோட்டால் வரைந்து வண்ணந்தீட்டச் செய்க. அதனைச் சூழ, அக்குடும்பத்து விலங்கொன்றின் தலையைப் புள்ளிக்கோட்டாற் காட்டி, வெறுமையாக விடச் செய்க. பெருந்தாளில் ஒரு சிறு பல் மட்டும் நிறம்பெற்று விளங்கும். அவ்வெறுமையைக் கண்டு, 'மற்றவை எங்கே?' என்று பிள்ளை கேட்கும். அகழ்வு தொடங்குவது அவ்வினாவில்தான்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகட்கு இதன் மறுமுனை வாய்த்துள்ளது. 2015இல் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பிரின்ஸ், அப்போலோனியா, டுவிங்கி எனப் பெயரிய மூன்று டிப்ளோடோசிட் எலும்புக்கூடுகள் நிறுவப்பட்டன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டென் ஸ்லீப் என்னும் ஊரின் அருகே 2007 முதல் 2010 வரை அவை தோண்டி எடுக்கப்பட்டன. பெரியது ஏறத்தாழ 27 மீட்டரும், அடுத்தது 24 மீட்டரும், இளையது 12 மீட்டரும் நீளமுடையவை. வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள். வரைபட வண்ண முறைப்படி அவை நீல அடுக்கிற்குரியவை. பகாங் பல் பச்சை அடுக்கிற்குரியது. ஒரே தாளில் இரண்டையும் இடம் குறித்துத் தீட்டும் பிள்ளை, பெரியது மேல், சிறியது கீழ் என்று நினையாது, காலத்தின்படி அடுக்கக் கற்கும்.

5. அகழ்வைக் காட்டிய ஒரு நூல்

அகழ்வின் உழைப்பைக் குழந்தைகட்கு உரைக்கும் நூல் இயலாத ஒன்றன்று. அலிக்கி என்னும் அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமானவர் 'டைனோசர்களைத் தோண்டி எடுத்தல்' என்னும் பொருள்படும் படநூலை 1981இல் வெளியிட்டார்; 1988இல் அது திருத்தம் பெற்றது. அஃது வண்ணந்தீட்டும் ஏடன்று. ஆயினும் அத்தகைய ஏட்டை அமைப்போர் கற்கவேண்டிய நெறி அதனுள் உண்டு. அருங்காட்சியகத்தில் நிற்கும் எலும்புக்கூட்டிலிருந்து நூல் தொடங்கி, 'இஃது இங்கு எவ்வாறு வந்தது?' என்னும் வினாவின் பின்னே செல்கிறது. பிள்ளை ஏற்கெனவே அறிந்த காட்சியிலிருந்து அறியாத உழைப்பிற்கு அழைத்துச் செல்லுதலே அதன் சிறப்பு. அங்கே வீரர் ஒருவர் இல்லை. தோண்டுவோர், வரைவோர், நிழற்படம் எடுப்போர் எனப் பலர் உள்ளனர்.

உண்மை அகழ்வும் அத்தகையதே. முதற்பணி தோண்டுதல் அன்று, நடத்தல். உரிய காலத்துப் படிவுப் பாறை வெளித்தெரியும் நிலத்தில், தரையை நோக்கிய கண்களுடன் நெடுந்தொலைவு நடப்பர். சரிவில் உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளைப் பின்பற்றி, அவை உதிர்ந்த அடுக்கை அடைவர். மேற்பாறையைக் கடப்பாறையாலும் மண்வெட்டியாலும் அகற்றுவர். எலும்பை அணுகியபின் சிற்றுளியும் ஊசியும் தூரிகையுமே கருவிகள். நொறுங்கும் எலும்பில் பசையை ஊறவிடுவர். எதனையும் எடுக்குமுன் நிலத்தைக் கயிற்றாற் கட்டங்களாகப் பகுத்து, எந்தக் கட்டத்தில் எந்த எலும்பு எத்திசை நோக்கிக் கிடந்தது என்று வரைந்து எண்ணிடுவர். பின் எலும்பைச் சுற்றி அகழ்ந்து, காளான்போல் ஒரு மண்தண்டின்மேல் நிறுத்தி, ஈரத்தாளாற் போர்த்தி, பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத்துணிப் பட்டைகளாற் சுற்றுவர். சாந்து இறுகியதும் தண்டை அறுத்துப் புரட்டி, அடிப்புறத்தையும் மூடுவர். முறிந்த காலுக்கு மருத்துவர் மாவுக்கட்டு இடுவதை ஒத்த செயல் இது. அருங்காட்சியகத்தில் அக்கட்டைப் பிரித்து எலும்பைத் தூய்மைசெய்ய மாதங்களும் ஆண்டுகளும் ஆகும்.

இவற்றுள் ஒவ்வொரு நிலையும் ஒரு பக்கத்திற்குரிய படம். சிறப்பாக அக்கட்ட வரைபடம் வண்ணந்தீட்டுதற்கென்றே பிறந்தது எனலாம். பிள்ளைகள் காலெலும்பிற்கு ஒரு வண்ணம், விலாவிற்கு ஒரு வண்ணம், முதுகெலும்பிற்கு ஒரு வண்ணம் என்று தீட்டிச் சிதறிய குவியலில் ஒழுங்கைத் தேடலாம். ஒரே நிறத்து எலும்புகளை எண்ணி, 'மூன்று இடத் தொடையெலும்புகள் உள்ளன. ஆகவே குறைந்தது மூன்று விலங்குகள் இறந்துள்ளன' என்று முடிவுசெய்யலாம். அறிஞரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

6. சொல்

இவ்வேடுகளைத் தமிழில் ஆக்குவோர்க்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. படத்தின்கீழ் வரும் ஒரு வரியே பிள்ளை அறியும் முதல் அறிவியல் தமிழாக அமைதல் கூடும். 'புதைபடிவம்' என்னும் சொல் புதைதலையும் படிதலையும் தன்னுள் கொண்டு, பொருளைத் தானே விளக்குகின்றது; 'படிவுப் பாறை' என்பதிலும் அதே வேர் நிற்கின்றது. இரு சொற்களையும் ஒருங்கே கற்பித்தால், புதைபடிவம் ஏன் அப்பாறையிற் கிடைக்கிறது என்னும் காரணமும் உடன் விளங்கும். 'தொல்லியல்' மனிதர் விட்டுச் சென்றவற்றை ஆராய்வது. 'தொல்லுயிரியல்' பண்டை உயிர்களை ஆராய்வது. இடையில் நிற்கும் 'உயிர்' என்னும் ஒரு சொல்லே பானை ஓட்டையும் டைனோசர் எலும்பையும் வேறு குழிகளுக்கு அனுப்பிவிடும். விலங்கின் பெயர்களை ஒலிபெயர்த்து எழுதினும், செயலையும் கருவியையும் தமிழிற் கூறுதல் எளிது; உளி, தூரிகை, சாக்கு, சாந்து ஆகியன பிள்ளையின் வீட்டுச் சொற்கள்.

7. முடிவுரை

'குழந்தை மகிழ்ச்சியாகத் தீட்டட்டும். இத்துணை ஆய்வு எதற்கு?' என வினவுவோர் உளர். வண்ணந்தீட்டுதல் விரல்களுக்குப் பயிற்சி, மனத்திற்கு மகிழ்ச்சி என்பதை எவரும் மறுக்கார். மேற்கூறியவற்றுள் எதுவும் அம்மகிழ்ச்சியைக் குறைப்பதன்று. பிள்ளையின் ஊதா டைனோசர் இங்கே காக்கப்பட்டுள்ளது. திருத்தப்பட்டது ஆசிரியரின் பச்சையே.

கோடு சான்றைக் குறிக்கட்டும். வண்ணம் கருத்தைக் குறிக்கட்டும். வெற்றிடம் அறியாமையைக் குறிக்கட்டும். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்த பிள்ளை வளர்ந்தபின் நாளேட்டுச் செய்தியையோ நூற்கருத்தையோ படிக்கும்போதும், 'இதில் கண்டது எது, கருதியது எது, தெரியாதது எது?' என்று பிரித்து நோக்கும். தாள் முழுவதையும் நிரப்பியோர்க்கே நட்சத்திரம் வழங்கும் ஆசிரியர், பகாங் பல் ஒன்றிற்கு மட்டும் வண்ணமிட்டு எஞ்சியதை வெறுமையாக விட்ட பிள்ளையின் தாளிலும் ஒரு நட்சத்திரம் இடுவாராயின், தமிழ் வகுப்பறையில் ஓர் ஆய்வாளர்க்கு இடம் ஒதுக்கியவராவார்.